ரோமாபுரிக்குத் தண்ணீர் வந்த வழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோமானியரின் நீர்க்கால்வாய் என்றதும் படங்களில் பார்த்த கல் வளைவுகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அவை அழகானவைதான். ஆனால் அந்த நகரத்தின் தாகம் தீர்ந்தது வேறு மூன்றால்: மண்ணுக்கடியில் ஓடிய கால்வாய், அதற்கு விட்டிருந்த வாட்டம், அதை நாள் தவறாமல் பார்த்துக்கொண்ட ஆட்கள். அந்த மூன்றையும் மனதில் வைத்துத்தான் கீழே உள்ள பதில்களை எழுதியிருக்கிறேன்.

ரோம் நகரத்தின் நடுவே டைபர் ஆறு ஓடுகிறதே, பிறகு எதற்கு வெளியூர்த் தண்ணீர்?

முதல் நானூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த ஊர் மக்கள் டைபர் ஆற்றையும் கிணறுகளையும் ஊற்றுகளையும் நம்பித்தான் இருந்தார்கள். ஊர் பெருத்ததும் அது போதவில்லை. சாக்கடை எல்லாம் போய்க் கலந்தது அதே ஆற்றில். ஆறு பள்ளத்தில் ஓடியது, குடியிருப்புகளோ குன்றுகளின் மேல் ஏறிக்கொண்டே போயின.

கி.மு. 312-இல் அப்பியஸ் கிளாடியஸ் என்ற உயர் அதிகாரி முதல் கால்வாயைக் கொண்டுவந்தார். அவர் பெயராலேயே அது 'அக்குவா அப்பியா' ஆனது. லத்தீனில் 'அக்குவா' என்றால் தண்ணீர். தெற்கே போகும் புகழ்பெற்ற அப்பியன் சாலையைத் தொடங்கியவரும் அவரேதான். கால்வாயின் நீளம் சுமார் 16 கிலோமீட்டர், ஏறக்குறைய முழுவதும் நிலத்தடியில். அதன்பின் ஐந்து நூற்றாண்டுகளில் மேலும் பத்துக் கால்வாய்கள் வந்தன. பதினொன்றாவதான அக்குவா அலெக்சாண்ட்ரினா கி.பி. 226-இல் முடிந்தது.

குடிக்க மட்டும் இவ்வளவு தண்ணீர் தேவைப்படவில்லை. பொதுக் குளியல் கூடங்களும் நீரூற்றுகளும் தோட்டங்களும்தான் பெரும்பங்கை எடுத்துக்கொண்டன.

மோட்டார், பம்பு எதுவும் இல்லாமல் அவ்வளவு தூரம் தண்ணீர் எப்படி வந்தது?

வாட்டம்தான். நம் கொத்தனார்கள் மொட்டைமாடி போடும்போதும் குளியலறைத் தரை போடும்போதும் சொல்கிற அதே வாட்டம். ஊற்று உயரத்தில் இருக்கிறது, ஊர் தாழ்வில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சரிவு ஓரிடத்திலும் அறுந்துபோகாமல் கால்வாயை இழுத்துவிட்டால் தண்ணீர் தானாக வந்து சேரும். சொல்வதற்கு ஒரு வரி, செய்வதற்குப் பல ஆண்டுகள்.

பிரான்சின் தென்பகுதியில் உள்ள நீம் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசெஸ் என்ற ஊருக்கு அருகில் உள்ள ஊற்றிலிருந்து கி.பி. முதல் நூற்றாண்டில் இங்கே தண்ணீர் கொண்டுவந்தார்கள். நேர்கோட்டில் அளந்தால் இடைவெளி சுமார் 20 கிலோமீட்டர்தான். மலைகளைச் சுற்றி வளைந்து வந்த கால்வாயின் நீளமோ 50 கிலோமீட்டர். அந்த ஐம்பது கிலோமீட்டருக்கும் சேர்த்து அவர்களுக்குக் கிடைத்த இறக்கம் வெறும் 12.6 மீட்டர். அதாவது கிலோமீட்டருக்குச் சராசரியாக 25 சென்டிமீட்டர். பத்தடி நீளத் தரையில் ஒரு பக்கத்தை முக்கால் மில்லிமீட்டர் தாழ்த்துவதற்குச் சமம் இது. இன்று ரசமட்டம் வைத்து வேலை செய்கிறவரிடம் இப்படி ஒரு வாட்டத்தைக் கேட்டுப் பாருங்கள், அதன் அருமை புரியும்.

வாட்டம் அதிகமானால் தண்ணீர் வேகமெடுத்துக் கால்வாயை அரித்துவிடும். குறைந்தால் வண்டல் தங்கி அடைத்துக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க அவர்களிடம் இருந்த முக்கியக் கருவி 'கோரோபேட்டஸ்' எனப்பட்டது. இருபதடி நீள மரச்சட்டம், இரு முனைகளிலும் கால்கள், அவற்றில் தொங்கும் தூக்குக்குண்டுகள். காற்று வீசிக் குண்டு ஆடினால் அதற்கும் வழி வைத்திருந்தார்கள். சட்டத்தின் மேலே ஒரு பள்ளம் வெட்டி, அதில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்தார்கள். தண்ணீருக்கு வழி போடத் தண்ணீரையே சாட்சி வைத்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அப்படியானால் அந்தப் பெரிய வளைவுகள் எதற்கு?

வேறு வழியில்லாத இடத்துக்கு மட்டும். ரோமின் பதினொரு கால்வாய்களையும் சேர்த்தால் சுமார் 500 கிலோமீட்டர் வரும். அதில் வளைவுகளின் மேல் போனது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். கி.மு. 144-இல் தொடங்கிய அக்குவா மார்சியாவின் நீளம் 91 கிலோமீட்டர், அதில் சுமார் 80 கிலோமீட்டர் மண்ணுக்கடியில் இருந்தது. நிலத்தடியில் போனால் செலவு குறைவு. வெயில் படாததால் தண்ணீர் குளிர்ந்திருக்கும். பகைவர் கண்ணிலும் எளிதில் படாது.

வழியில் பள்ளத்தாக்கு குறுக்கிட்டாலோ, நகரத்தை நெருங்கும் சமவெளியில் தண்ணீரின் உயரத்தை விட்டுவிடக் கூடாது என்றாலோ மட்டுமே வளைவு கட்டினார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1966-இல் கட்டி முடித்த அந்தப் பாலம் 115 அடி உயரத்தில் கால்வாயை ஆற்றுக்கு மேலே தூக்கிச் செல்கிறது. ரோமானியர் செய்ததும் இதே வேலைதான். பாலத்தின் மேலே தொட்டி, தொட்டிக்குள் தண்ணீர். 'தொட்டிப்பாலம்' என்ற அந்த ஊர்ச் சொல் 'நீர்வழிப்பாலம்' என்ற பாடநூல் சொல்லைவிடப் பொருத்தமானது என்பது என் எண்ணம்.

ரோமானியத் தொட்டிப்பாலங்களில் தலையானது, நீம் கால்வாய் கார்டோன் ஆற்றைக் கடக்கும் இடத்தில் நிற்கும் பான்ட் டு கார். மூன்று அடுக்கு, சுமார் 49 மீட்டர் உயரம். கீழ் அடுக்குகளின் கற்களைக் காரை வைக்காமல் செதுக்கிப் பொருத்தியே நிறுத்தியிருக்கிறார்கள். சில கற்கள் ஆறு டன் எடை.

கால்வாயிலிருந்து தண்ணீர் கசியாதா?

உட்புறத்தில் பூச்சு வேலை உண்டு. சுண்ணாம்புடன் உடைத்த ஓடு, மண்பாண்டத் தூள் கலந்து பூசினார்கள். இந்தக் கலவை ஈரத்திலும் இறுகும். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டப் பயன்பட்ட சுண்ணாம்பு சுர்க்கிக் காரையும் இதன் உறவுதான், சுட்ட களிமண் பொடியைச் சுண்ணாம்போடு சேர்ப்பது இரண்டுக்கும் பொது.

பள்ளத்தாக்கு பாலம் கட்ட முடியாத அளவுக்கு ஆழமாக இருந்தால்?

அங்கே அழுத்தக் குழாய். கட்டட வேலையில் டியூப் லெவல் பிடித்திருப்பீர்கள். குழாய் நடுவில் எவ்வளவு தொங்கினாலும் இரு முனைகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதே விதிப்படி, ஒரு மலைச்சரிவில் குழாயை இறக்கி எதிர்ச்சரிவில் ஏற்றினால், தொடங்கிய உயரத்தைவிடச் சற்றுத் தாழ்வாகத் தண்ணீர் வெளியே வரும். பிரான்சின் லியோன் நகரத்துக்கு வந்த கால்வாய்களில் ஈயக் குழாய்களை வரிசையாகப் பதித்து இதைச் செய்தார்கள். ரோமானியருக்கு முன்பே, இன்றைய துருக்கியில் உள்ள பெர்கமோன் நகரத்தில் கிரேக்கர்கள் ஏறக்குறைய 190 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி ஏறும் குழாயைப் போட்டிருந்தார்கள்.

இவ்வளவு நுணுக்கமான வேலையில் தவறே நடக்கவில்லையா?

நடந்தது. அதைச் செய்தவரே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்.

இன்றைய அல்ஜீரியாவின் கடற்கரையில் உள்ள பெஜாயா நகரத்துக்கு அன்று சால்டே என்று பெயர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே தண்ணீர் கொண்டுவர ஒரு மலையைக் குடைய வேண்டியிருந்தது. மூன்றாம் அகஸ்டன் படைப்பிரிவைச் சேர்ந்த மட்டம் பார்க்கும் வல்லுநர் நோனியஸ் டேட்டஸ் வழியை அளந்து, வரைபடம் கொடுத்துவிட்டுத் தன் முகாமுக்குத் திரும்பினார். மலையின் இரு பக்கமிருந்தும் இரண்டு குழுக்கள் குடையத் தொடங்கின. நடுவில் சந்திக்க வேண்டும்.

சந்திக்கவில்லை. குடைந்த நீளத்தைக் கூட்டிப் பார்த்தால் மலையின் அகலத்தையே தாண்டிவிட்டது, அப்போதும் துளை திறக்கவில்லை. உள்ளூர் நிர்வாகி, டேட்டஸை அனுப்பி வையுங்கள் என்று படைத்தலைவருக்குக் கடிதம் எழுதினார். டேட்டஸ் கிளம்பினார். வழியில் கொள்ளையர் தாக்கி, உடுத்திய துணியைக்கூட விடாமல் பறித்துக்கொண்டார்கள். காயத்தோடு தப்பி சால்டே போய்ச் சேர்ந்தபோது, வேலையைக் கைவிட்டுவிடலாம் என்ற நிலையில் எல்லோரும் கண்ணீரோடு நின்றார்கள்.

அளந்து பார்த்ததும் காரணம் தெரிந்தது. நேராகப் போக வேண்டிய இரண்டு குழுக்களும் அவரவர் வலப்பக்கமாக ஒதுங்கியிருந்தன. எதிரெதிரே வருகிறவர்கள் ஆளுக்கொரு வலப்பக்கம் ஒதுங்கினால் ஒருவரையொருவர் கடந்துதானே போவார்கள்? டேட்டஸ் கோட்டைத் திருத்திக் கொடுத்தார். கடற்படை வீரர்களையும் துணைப்படை வீரர்களையும் போட்டியாகக் குடைய விட்டார். துளை திறந்தது, தண்ணீர் வந்தது.

இந்தக் கதையை அவர் லாம்பேசிஸ் என்ற படைமுகாம் நகரில் கல்வெட்டாக எழுதி வைத்தார். மேலே மூன்று பெண் உருவங்கள், அவற்றின் பெயர்கள் பொறுமை, ஆற்றல், நம்பிக்கை. பேரரசர்களின் பெயர் தாங்கிய எத்தனையோ கல்வெட்டுகளைவிட, தன் வேலையில் நேர்ந்த சிக்கலை ஒளிக்காமல் சொன்ன இந்தக் கல் எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது.

இருபுறமிருந்தும் குடைவது அப்போதே பழைய வித்தை. கிரேக்கத் தீவான சேமோசில் யூபலினோஸ் என்பவர் கி.மு. ஆறாம் நூற்றாண்டிலேயே 1,036 மீட்டர் நீளச் சுரங்கத்தை அப்படிக் குடைந்து நடுவில் இணைத்துவிட்டார்.

நகரத்துக்குள் வந்த தண்ணீர் எப்படிப் பிரிந்தது?

கால்வாய் முதலில் உயரமான இடத்தில் உள்ள பங்கீட்டுத் தொட்டிக்கு வரும். நீமிலும், எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன இத்தாலிய நகரம் பொம்பேயிலும் அந்தத் தொட்டிகளை இன்றும் பார்க்கலாம். அங்கிருந்து ஈயக் குழாய்கள் கிளம்பித் தெருவோர நீர்த்தொட்டிகள், குளியல் கூடங்கள், தனியார் வீடுகள் என்று பிரியும். பொம்பேயில் தெருவோரத் தொட்டிகள் மட்டும் நாற்பதுக்கு மேல். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் கையூன்றிக் குனிந்து குனிந்து அவற்றின் கல் விளிம்பு தேய்ந்து குழிந்திருக்கிறது. குழாயடியில் குடம் வைத்துக் காத்திருந்தவர்களுக்கு அந்தக் குழி எப்படி விழுந்தது என்று உடனே தெரியும்.

ரோமில் இப்படி 591 பொதுத் தொட்டிகள் இருந்ததாகக் கி.பி. முதல் நூற்றாண்டின் முடிவில் எடுத்த கணக்கு சொல்கிறது. பெரும்பாலான மக்களுக்கு இதுதான் தண்ணீர். அடுக்குமாடிகளின் மேல்தளங்களில் இருந்தவர்களுக்குக் குழாய் ஏறவில்லை, சுமந்துதான் ஏற்ற வேண்டும்.

வீட்டுக்குள் இணைப்பு வேண்டுமென்றால் பேரரசரின் அனுமதி வேண்டும். அந்த உரிமை ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. வாரிசுக்குப் போகாது, வீட்டை வாங்கியவருக்கும் போகாது. தொட்டியில் முத்திரை குத்திய வெண்கலக் குழாய்வாய் பொருத்தி, அடுத்த ஐம்பது அடிக்குக் குழாயின் அளவு மாறக் கூடாது என்று விதி வைத்திருந்தார்கள். அளவுக்கு ஏற்பத்தான் தண்ணீர்.

தண்ணீர்த் திருட்டு இருந்ததா?

அந்த ஐம்பது அடி விதி ஏன் வந்தது என்று யோசித்தாலே பதில் கிடைத்துவிடும்.

கி.பி. 97-இல் பேரரசர் நெர்வா, செக்ஸ்டஸ் ஜூலியஸ் பிரான்டினஸ் என்பவரை நகரின் தண்ணீர் ஆணையராக நியமித்தார். பிரிட்டனில் ஆளுநராக இருந்தவர், படை நடத்தியவர், வயதில் மூத்தவர். இத்தகைய பதவிக்கு வருகிறவர்கள் கீழே உள்ள உதவியாளர்களை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இருந்துவிடலாம். பிரான்டினஸ் அப்படி இருக்கவில்லை. துறையைத் தானே கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு கால்வாயாக அளந்து எழுதி வைத்தார். ரோமின் தண்ணீரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர் எழுதியதிலிருந்து வந்தது.

அளந்தபோது ஊற்றுக்கண்ணில் இருந்த கணக்குக்கும் பதிவேட்டில் இருந்த கணக்குக்கும் பொருந்தவில்லை. வழியில் இருந்த நிலக்காரர்கள் கால்வாயை உடைத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஊருக்குள் தெருக்கல்லுக்கு அடியில் களவுக் குழாய்கள் ஓடின. ஊழியர்களில் சிலர் குழாயில் துளையிட்டுத் தண்ணீர் விற்றார்கள், இவர்களுக்குத் 'துளைக்காரர்' என்றே பெயர் இருந்தது. இன்னொரு தந்திரமும் நடந்தது. இணைப்பு வேறொருவருக்கு மாறும்போது தொட்டியில் புதுத்துளை போடுவார்கள், பழைய துளையை அடைக்காமல் அதையும் தனியே விற்பார்கள். சில குழாய்வாய்களில் முத்திரையே இல்லை, சிலவற்றில் அளவு கூடுதல்.

பிரான்டினஸ் களவுக் குழாய்களைத் தோண்டி எடுத்தார். அப்படி எடுத்த ஈயத்தைக் கொண்டே எவ்வளவு தண்ணீர் களவு போயிருக்கும் என்று கணக்கிடலாம் என்று எழுதியிருக்கிறார். அவருடைய அளவை முறையில் ஒரு குறையும் உண்டு. குழாயின் வாய் அகலத்தைக் கொண்டுதான் தண்ணீரை அளந்தார். ஓடும் வேகம் கூடினால் தண்ணீரும் கூடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தும், அதை அளக்கும் வழி அன்று இல்லை. அதனால் அவர் கண்ட குறைபாடு முழுவதையும் திருடர்கள் தலையில் கட்டிவிட முடியாது.

எல்லாக் கால்வாய்த் தண்ணீரும் ஒரே தரமா?

இல்லவே இல்லை. மார்சியாத் தண்ணீர் குளிர்ச்சிக்கும் தெளிவுக்கும் பேர்போனது. டெபுலாத் தண்ணீர் இளஞ்சூடாக இருக்கும், அதனால்தான் அந்தப் பெயர். பேரரசர் அகஸ்டஸ் கொண்டுவந்த அல்சியட்டினாத் தண்ணீர் குடிக்க உதவாது, செயற்கைக் கடற்போர் விளையாட்டுக்கும் தோட்டங்களுக்கும் போனது. ஆற்றிலிருந்தே எடுத்த அனியோ நோவஸில் மழை பெய்தால் சேறுதான் வரும், மற்றதோடு கலந்து அதையும் கெடுத்துக்கொண்டிருந்தது. அருமையான மார்சியாத் தண்ணீர் குளியலுக்கும் துணி வெளுப்பதற்கும் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்து பிரான்டினஸ் மனம் கொதித்திருக்கிறார். பிறகு ஒவ்வொன்றையும் பிரித்து, மார்சியா குடிக்க மட்டும் என்று ஒழுங்குபடுத்தினார்கள்.

யார் பராமரித்தார்கள்?

அடிமைகள். பிரான்டினஸ் காலத்தில் 700 பேர். அவர்களில் 240 பேர் அரசுக்கும் 460 பேர் பேரரசருக்கும் உரியவர்கள். தொட்டிக் காவலர், சுற்றி வந்து பார்ப்பவர், தெருக்கல் பாவுபவர், பூச்சு வேலைக்காரர் என்று பிரிவுகள் இருந்தன. பேரரசர்களின் பெயர் வளைவுகளில் பெரிய எழுத்தில் இருக்கிறது. சுரங்கத்துக்குள் குனிந்து நடந்து அடைப்பெடுத்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. 'ரோமானியப் பொறியியல்' என்று வியக்கும்போது இந்த 700 பேரையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

வேலை ஓயாதது. சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீர் ஓடினால் கால்வாய்ச் சுவரில் படிவு ஏறும், நம் வீட்டு வெந்நீர்க் கெட்டிலில் படிவது போல. நீம் கால்வாயில் பராமரிப்பு குறைந்தபின் படிவு ஏறி ஏறி வழியையே நெருக்கிவிட்டது. மர வேர்கள் விரிசலில் புகும், அதனால் ஊற்றுகளையும் வளைவுகளையும் சுற்றி இருபுறமும் பதினைந்தடி, நிலத்தடிக் கால்வாய்க்கு ஐந்தடி என்று வெற்றிடம் விடச் சட்டம் இருந்தது. கால்வாயை வேண்டுமென்றே சேதப்படுத்தினால் ஒரு லட்சம் செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) அபராதம். காரை நன்றாக இறுக வேண்டுமென்பதால் பழுது வேலையை ஏப்ரல் முதல் நவம்பர் தொடக்கம் வரைக்குள் வைத்துக்கொண்டார்கள். கடுங்கோடையில் மட்டும் நிறுத்திவிடுவார்கள், தண்ணீர்த் தேவை உச்சத்தில் இருக்கும் காலம் அது. ஒரு சமயத்தில் ஒரு கால்வாயை மட்டுமே அடைப்பார்கள்.

ஈயக் குழாயால்தான் ரோமப் பேரரசு அழிந்தது என்கிறார்களே?

நம்ப வேண்டாம். ஈயம் கெடுதல் என்பது அன்றே தெரியும். ஈய வேலைக்காரர்களின் வெளுத்த முகத்தைச் சுட்டிக்காட்டி, மண்குழாயே நல்லது என்று விட்ருவியஸ் என்ற கட்டடக்கலைஞர் எழுதினார். ஆனால் குழாயில் தண்ணீர் தேங்கவில்லை, இரவும் பகலும் ஓடியது. உள்ளே சுண்ணாம்புப் படிவும் ஏறிக்கொண்டது. ரோமின் பழைய துறைமுக வண்டலை ஆராய்ந்து 2014-இல் வந்த ஆய்வு, குழாய்த் தண்ணீரில் ஊற்றுநீரைவிட நூறு மடங்கு வரை ஈயம் இருந்திருக்கலாம், ஆனால் பெருங்கேடு விளைவிக்கும் அளவு அல்ல என்றது.

எப்போது, எப்படி நின்றது?

கி.பி. 537-இல் ரோமை முற்றுகையிட்ட கோத்தியர் என்ற ஜெர்மானிய இனத்தார் கால்வாய்களை உடைத்தார்கள். நகரத்தைக் காத்து உள்ளே இருந்த கிழக்கு ரோமப் பேரரசின் தளபதி பெலிசாரியஸும் தன் பங்குக்குக் கால்வாய் வாய்களைச் சுவர் வைத்து அடைத்தார். அதற்குக் காரணம் உண்டு. முந்திய ஆண்டுதான் அவருடைய வீரர்கள் நேப்பிள்ஸ் நகரத்துக்குள் தண்ணீர் நின்றுபோன கால்வாய் வழியாக நுழைந்து ஊரைப் பிடித்திருந்தார்கள். தான் செய்ததை எதிரியும் செய்யலாம் அல்லவா?

கால்வாய்த் தண்ணீர் நின்றதும் அதனால் சுழன்ற மாவாலைகளும் நின்றன. பெலிசாரியஸ் டைபர் ஆற்றில் படகுகளைக் கட்டி, நடுவே சக்கரம் வைத்து மாவரைக்க ஏற்பாடு செய்தார். குளியல் கூடங்களுக்கு அப்படி மாற்று வழி இல்லை. பின்னர் சிலவற்றைப் பழுது பார்த்தாலும் பழைய நிலை வரவில்லை. சுருங்கிப்போன மக்கள் தொகை குன்றுகளைவிட்டு இறங்கி ஆற்றங்கரையை ஒட்டிக் குடியேறியது.

இன்றும் ஓடும் கால்வாய் ஏதாவது உண்டா?

உண்டு. கி.மு. 19-இல் அகஸ்டஸின் தளபதி அக்ரிப்பா கொண்டுவந்த அக்குவா விர்கோ. 'விர்கோ' என்றால் கன்னி. தாகத்தோடு வந்த வீரர்களுக்கு ஒரு சிறுமி ஊற்றைக் காட்டினாள் என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். பெரும்பகுதி நிலத்தடியில் இருந்ததால் இது மற்றவற்றைவிடத் தப்பிப் பிழைத்தது. போப்புகள் காலத்தில் பழுது பார்த்துப் புதுப்பித்தார்கள். 1762-இல் முடிந்த திரெவி நீரூற்றுக்குத் தண்ணீர் வந்தது இந்த வழியாகத்தான். ஸ்பெயினின் செகோவியாவில் காரையில்லாமல் கருங்கல்லால் கட்டிய தொட்டிப்பாலம் இருபதாம் நூற்றாண்டு வரை வேலை செய்தது.

ரோமுக்குப் போகிறவர்கள் திரெவியோடு திரும்பிவிடாமல் போர்த்தா மாஜோரே என்ற பழைய நகரவாயிலுக்கும் போய் வாருங்கள். கி.பி. 38-இல் பேரரசர் கலிகுலா தொடங்கி 52-இல் பேரரசர் கிளாடியஸ் முடித்த இரண்டு கால்வாய்கள் அந்த வாயிலின் மேலேதான் ஊருக்குள் நுழைந்தன. முகப்பில் உள்ள பெரிய எழுத்துகளைப் படித்தபின் பக்கவாட்டுக்கு வந்து அண்ணாந்து பாருங்கள். சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு துவாரங்கள் தெரியும். கீழே இருப்பதில் கிளாடியாவின் தெளிந்த ஊற்றுநீர் வந்தது, மேலே இருப்பதில் அனியோ நோவஸின் ஆற்றுநீர்.